திங்கட்கிழமை கடைசி நாள்

மத்திகிரி,
9-6-1987

வேப்பனப்பள்ளி மாமா நாராயணப்பன் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் சென்னகிருஷ்ணன் வணங்கி எழுதிக்கொண்டது. நீங்கள், அக்கா, பிள்ளைகள், மாந்தோப்பு எல்லாம் நலம் என்று நம்புகிறேன். இங்கேயும் எல்லோரும் சௌக்கியம். என் விஷயம் மட்டும்தான் இழுபறியாகக் கிடக்கிறது. நீங்கள்தான் ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

ஓசூரில் மாலை நேர டிப்ளமா வகுப்பு. ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை, நாலு வருஷம். விண்ணப்பம் கொடுக்க வரும் திங்கட்கிழமை கடைசி நாள். நான் கம்பெனியில் பதினோரு வருஷமாக லேத் ஓட்டுகிறேன். என்னிடம் தொழில் கற்றுக்கொண்ட மூன்று பேர், டிப்ளமா இருக்கிற ஒரே காரணத்தால் இன்று சூப்பர்வைசர்கள். என்னையே பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்குகிறார்கள். நான் படித்து முடிக்கும்போது வயது நாற்பதாகிவிடும், பெரியவள் ஒன்பதாவதில் இருப்பாள். "அப்பா, உன் ரேங்க் கார்டுல யாருப்பா கையெழுத்துப் போடுவாங்க?" என்று இப்போதே கேட்கிறாள். வீரலட்சுமியைக் கேட்டால் "உங்க இஷ்டம்" என்கிறாள். அது சம்மதமா கோபமா என்று கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. படிவத்தைப் பென்சிலால் நிரப்பி மூன்று தடவை அழித்ததில், பெயர் எழுதும் இடத்தில் தாள் இற்றுப்போய்விட்டது.

இதற்கு நடுவில் தளியிலிருந்து மாமியார் மாரம்மா வந்து சேர்ந்தார். பக்கத்து வீட்டு நல்லுசாமி சேலம் பக்கத்துக்காரர். ஓசூர்ப் பக்கம் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, கன்னடம் அரைகுறை. குழாயடியில் மாமியார் அவரிடம் பெருமையாக, "நம்ம அளிய நாலு வர்ஷ ஓதோக்கெ ஹோகுத்தாரெ" என்றிருக்கிறார். நம் மருமகன் நாலு வருஷம் படிக்கப் போகிறார் என்று அர்த்தம். கன்னடத்தில் ஓது என்றால் படிப்பது என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நல்லுசாமிக்குத் தெரியாதே! அவர் காதில் 'ஓட' என்று விழுந்துவிட்டது. மருமகன் வீட்டை விட்டு ஓடப் போகிறான், அதை மாமியாரே சிரித்துக்கொண்டு சொல்கிறார்! மனிதர் ஆடிப்போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்டிபிகேட்டுகளை ரெக்ஸின் பையில் போட்டுக்கொண்டு, தெரிந்த ஹெட்மாஸ்டரிடம் அட்டெஸ்டேஷன் வாங்கப் புறப்பட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். நல்லுசாமி இரண்டு ஆட்களோடு வந்து பையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குதுங்க. எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாமுங்க."

"நான் படிக்கப் போறேங்க!"

"எல்லாரும் மொதல்ல அப்பிடித்தாங்க சொல்லுவாங்க" என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கினார். வாசலில் நின்ற மாமியார், அதற்குள் படிப்பு முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

அது போகட்டும் என்று நேற்று படிவத்தோடு ஃபோர்மேன் பரமசிவத்திடம் போனேன். அவர் கையெழுத்துப் போட்டால்தான் நாலு வருஷமும் பகல் ஷிஃப்ட் கிடைக்கும். சேதி எனக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. படிவத்தை அவர் பார்க்கவே இல்லை. "கேள்விப்பட்டேன்பா. குடும்பம்னா ஆயிரம் இருக்கும். நாலு நாள் லீவு தரேன், வீட்டோட இரு" என்று லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த லீவில்தான் இதை எழுதுகிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் படிவம் கண்ணில் படுகிறது. பிள்ளைகள் தூங்கும்போது போய், தூங்கும்போது வருகிற அப்பாவாக நாலு வருஷம் இருக்க வேண்டுமே என்று பயமாகவும் இருக்கிறது. நீங்கள் சேரச் சொன்னால் சேர்கிறேன், வேண்டாமென்றால் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன். பதிலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாலும் சரி.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு மாமனின் ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் ஒரு சொல்லுக்குக் காத்திருக்கும்
சென்னகிருஷ்ணன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் கடிதத்தை வீரலட்சுமிக்குப் படித்துக் காட்டினேன். "எல்லாத்தயும் எழுதிட்டீங்க. படிக்க ஆசையா இருக்குதா இல்லையான்னு மட்டும் எங்கயும் எழுதலையே?" என்றாள். முதலிலிருந்து மறுபடி படித்துப் பார்த்தேன். உண்மைதான். ஆசைதான் மாமா. ரொம்ப ஆசை. நாளைக்குக் காலையிலேயே பரமசிவத்தின் வீட்டுக்குப் போகிறேன். ஆகவே தயவுசெய்து பதில் போட வேண்டாம். வேண்டாம் என்று எழுதிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.