விரைவில் சிவநேசன்

அறிவிப்பாளர் என்றதும் வானொலியை நினைக்காதீர்கள். நான் சொல்வது வேறு இனம். இவருக்கு மைக் தேவையில்லை. கேட்க ஓர் ஆளும், இன்னும் நடக்காத ஒரு காரியமும் இருந்தால் போதும். காரியம் நடந்துவிட்டால் முகம் வாடிவிடும். கோயில் திருப்பணிக் குழுவில் இவரைப் பார்த்திருப்பீர்கள். நன்றாக முற்றியதைப் பார்க்க வேண்டுமானால் மலேசியாவில் சுங்கைப் பட்டாணிக்கு வாருங்கள். நாசி கண்டார் சோற்றுக் கடையின் மேல்மாடியில் சிவநேசன் உட்கார்ந்திருக்கிறார்.

ஜப்பானியக் காட்சி நாவல்களை ஆங்கிலத்தில் கொண்டுவருவது அவர் தொழில். கணினியில் படம் நிற்கும், அடியில் வசனம் ஓடும், நடுவே 'அவள் பின்னால் போகிறாயா, வீட்டுக்குத் திரும்புகிறாயா?' என்று கேட்கும். நீங்கள் சொல்லும் பதிலுக்கேற்பக் கதை கிளை பிரியும். அதை ஆக்கியவர்களிடம் உரிமை வாங்கி, மொழிபெயர்த்து, இணையக் கடையில் ஏற்ற வேண்டும். உரிமை வாங்குவது வரை சிவநேசன் புலி. வாங்கிய அன்றே ஓர் அறிவிப்பு, பிறகு அறிவிப்பு வரப்போகிறது என்று ஓர் அறிவிப்பு, அட்டைப் படத்தின் ஓரம் மட்டும் தெரியும்படி இன்னொன்று. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் காத்துக் கிடக்கும் ரசிகர்கள் 'எப்போது?' என்று கேட்டால், 'விரைவில்' என்று எழுதிப் பக்கத்தில் கண்ணடிக்கும் பொம்மை ஒன்றை வைப்பார். அன்றைய வேலை முடிந்தது.

வீட்டில் மட்டும் வேறு மனிதரா? சமையலறைக்குப் புதுத் தரைக்கல் போடப்போவதாக அறிவித்து அவர் வாங்கிய பெட்டிகள் இன்னும் வாசலில் அடுக்கியபடியே இருக்கின்றன. அவற்றின் மறைவில் பூனை குட்டி போட்டு, அந்தக் குட்டியும் குட்டி போட்டுவிட்டது. விருந்தாளி வந்தால் மனைவி சாந்தினி சொல்வார்: "பார்த்து வாங்க, காலை இடிச்சுக்காதீங்க. அதுதான் எங்க கிச்சன்."

இப்படிப்பட்டவரிடம் வேலைக்கு வந்து சேர்ந்தாள் வாசுகி. புக்கிட் செலம்பாவ் பெண். ஜப்பானியத் தொழிற்சாலை ஒன்றில் இருந்தபோது மொழியைக் கற்றவள். பனி கொட்டும் ஊரில் ரொட்டிக்கடை நடத்தும் ஒரு விதவையின் கதையை, அத்தனை கிளைகளோடும், ஆங்கிலத்தில் எழுதி முடித்திருந்தாள். அவள் பெயர் வரப்போகும் முதல் கதை. சோதித்தாயிற்று, கடையில் ஏற்றியும் ஆயிற்று. 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. சிவநேசன் அழுத்தவில்லை. அழுத்திவிட்டால் பிறகு எதை அறிவிப்பது?

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வாசுகி அவர் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, ஜப்பான்காரங்க கொடுத்த கெடு இன்னையோட முடியுது. இன்னிக்கு வெளியாகலன்னா உரிமையை வேற கம்பெனிக்குக் கொடுத்துடுவாங்க. அவங்க வேற ஆளை வச்சு எழுதுவாங்க. நான் எழுதுனது குப்பைதான்."

"சபார் லா தங்கச்சி, ஏன் அவசரப்படுற? முதல்ல ஒரு டீசர் விடுவோம்."

"போன வருஷமே விட்டாச்சுண்ணே."

"அது டீசருக்கு டீசர். அந்தம்மா மூக்கு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. இப்ப கண்ணைக் காட்டுவோம்."

"முழு மூஞ்சியையும் காட்டிடுங்களேன்!"

"அப்புறம் ஜனங்க எதுக்குக் காத்திருப்பாங்க?"

வாசுகி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பிள்ளையிடம் பேசும் குரலில் சொன்னாள்: "சரி, அந்தப் பொத்தானைத் தொடவே வேணாம். நேரத்தை மட்டும் அறிவிங்க. இன்று மாலை ஐந்து மணின்னு. நேரம் போட்டு நீங்க இதுவரைக்கும் அறிவிச்சதே இல்லையே."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நேரம் போட்ட அறிவிப்பு! இணையக் கடையின் பக்கத்தைத் திறந்து, 'வெளியீட்டு நேரம்' என்ற கட்டத்தில் தம் கையாலேயே 'மாலை 5' என்று அடித்து, ஊருக்கெல்லாம் தெரிவித்துவிட்டு, தே தாரிக் குடிக்கக் கீழே இறங்கினார். சாயங்காலம் வரை அங்கேதான். கடைக்காரர் ஹாஃபிஸிடம் அறிவிப்பின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார்.

ஒன்று மட்டும் அவருக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தை அவர் அதுவரை நிரப்பியதே இல்லை. தெரிய வழியும் இல்லை. இணையக் கடைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நேரம் சொன்னால் அந்த நேரத்தில் செய்துவிடும்.

"என்னண்ணே, உங்க ஹேன்போன் இப்படித் துடிக்குது?" என்றார் ஹாஃபிஸ், ஆறு மணி வாக்கில்.

படித்துக்கொண்டிருக்கிறேன், என்றது ஒரு செய்தி. ரொட்டிக்கடைக்காரிக்காக அழுதுவிட்டேன், என்றது இன்னொன்று. 'எப்போது?' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சிவநேசன் மாடிக்கு ஓடினார்.

"வாசுகி! யாரு அழுத்துனது?"

"யாரும் அழுத்தலண்ணே. நீங்கதான் நேரம் போட்டீங்க."

"நான் சும்மா அறிவிச்சேன்!"

"அது கடைக்குத் தெரியாது லா."

துக்க வீட்டுக்காரர்போல் உட்கார்ந்துவிட்டார். வாசுகி கதையின் முடிவை ஓடவிட்டு, தன் பெயர் திரையில் ஏறும்போது படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினாள். அம்மாவிடமிருந்து பதில் வந்தது: 'சரி. வரும்போது தேங்காய் வாங்கி வா.'

அந்த நேரம் ஒரு ரசிகர் கேட்டார்: 'இரண்டாம் பாகம் உண்டா?' சிவநேசன் நிமிர்ந்தார். கண்ணில் ஒளி வந்தது. விரல்கள் தானாகவே அடித்தன: 'விரைவில்.' கண்ணடிக்கும் பொம்மை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நாளை முதல் நடைப்பயிற்சி என்று குடும்பக் குழுவில் போட்டீர்களே, மாமா அத்தையெல்லாம் கட்டைவிரலைத் தூக்கினார்களே, அதற்கென்று வாங்கிய சப்பாத்து இன்னும் பெட்டியில்தானே இருக்கிறது? பெட்டியை மெதுவாகத் திறங்கள். உள்ளே பூனை இருக்கலாம்.