எலிகியோ தனியாக ஆடிய சனிக்கிழமை

வியாழக்கிழமை காலை, மசித்த வாழைக்காயைப் பாதித் தட்டில் விட்டுவிட்டு எலிகியோ எழுந்து நின்றான். பெரிய முடிவுகளை உட்கார்ந்தபடி சொன்னால் யாரும் மதிப்பதில்லை என்பது அவன் அனுபவம். நின்று சொன்னபோதும் மதித்ததில்லை என்பது வேறு விஷயம்.

“யுதெல்கா, இனிமே சனிக்கிழமை டோமினோவுக்கு நான் வரமாட்டேன்.”

அவன் மனைவி பாலாடைக்கட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“காய்ச்சலா?”

“இல்ல.”

“தெருவுல யாராச்சும் செத்துட்டாங்களா?”

“இல்ல. இது முடிவு.”

“யாரோட முடிவு?”

“என்னோடது.”

இப்போதுதான் அவள் திரும்பினாள். அப்படி ஒரு பொருள் அந்த வீட்டில் இருப்பதே அவளுக்குப் புதிய செய்தி.

மோக்கா ஊரின் அந்தத் தெருவில் சனிக்கிழமை நாலு மணிக்கு டோமினோ மேசை வெளியே வரும். நாலு நாற்காலி. எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு ஜோடி. பதினோரு வருஷமாக யுதெல்காவுக்கு எதிர் நாற்காலி எலிகியோவுடையது. தெருவிலேயே கெட்டிக்காரக் கை அவளுடையது. மேசையில் நாலு கட்டை விழுந்தால் போதும், யார் கையில் என்ன ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். எலிகியோ பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பின்னங்களைத் தூக்கத்தில்கூடச் சுருக்குவான். ஆனால் மேசையில் எத்தனை ஐந்து விழுந்திருக்கிறது என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பான்.

போன வாரமும் அப்படித்தான் பார்த்துவிட்டு, யுதெல்கா தன் ஐந்தைச் சேர்க்கக் காத்திருந்த முனையைத் தன் கட்டையால் அடைத்தான். “என் அஞ்சைக் கொன்னுட்டியே, பாவி!” என்று யுதெல்கா நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் இரண்டு தெரு தாண்டிப் போயிற்று. மறுநாள் ரொட்டிக்கடைக்காரர் ரொட்டியைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே, “ப்ரொஃபெசோர், நேத்து ஒரு கொலை பண்ணீங்களாமே?” என்று விசாரித்தார். அந்த நொடியில் பிறந்ததுதான் இந்த முடிவு.

“டோமினோ இல்லன்னா சனிக்கிழமை என்ன பண்ணுவ?” என்று யுதெல்கா கேட்டாள்.

எலிகியோ பையிலிருந்து பதினோரு தாள்களை எடுத்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைத்தவை. பள்ளிக்கூடத்துப் பிரிண்டரில், கேட்டு அனுமதி வாங்கி, அச்சடித்தவை. அவன் அப்படித்தான்.

“தனியா ஆடுற ஆட்டம்.”

“தனியா ஆடுறதுக்குப் பேரு ஆட்டமா?”

“இது கதை ஆட்டம். நான்தான் வீரன். உப்புக் கோட்டைக்குப் போறேன்.”

“பஸ்லயா?”

“நடந்து.”

“முக்குக் கடைக்கு நடந்து போகச் சொன்னா முட்டி வலிக்குதுன்ன.”

“அது நிஜ முட்டி.”

“சரி, எதிர்ல யாரு உக்காருவா?”

“யாரும் இல்ல,” என்றான் எலிகியோ. அந்த இரண்டு சொல்லையும் மிட்டாய் போலச் சப்பிச் சப்பிச் சொன்னான். “ஒரு பகடை, ஒரு பென்சில், ஒரு நோட்டு. அவ்வளவுதான்.”

யுதெல்கா அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “எப்படி ஆடுறது? சொல்லு, கேப்போம்.”

வாத்தியாரிடம் யாராவது ‘சொல்லு’ என்றால் போதும். எலிகியோ கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினான். முதலில் ஓர் ஆளை உருவாக்க வேண்டும். அவனுக்கு வலிமை, துணிவு, புத்தி. மூன்றுக்குமாகச் சேர்த்து ஏழு புள்ளி. பிரித்துக் கொடுக்கலாம், கூட்டல் ஏழுதான் வரவேண்டும்.

“அப்புறம் ஒரு கேள்வி கேக்கணும். ஆமா, இல்லன்னு பதில் வர்ற மாதிரி. ‘வாசல்ல காவல்காரன் இருக்கானா?’ பகடையை உருட்டுவேன். மூணு வரைக்கும் விழுந்தா இல்ல. நாலு, அஞ்சுன்னா ஆமா. ஆறு விழுந்தா ‘ஆமா, அதுக்கும் மேல’.”

“அதுக்கும் மேலன்னா?”

“காவல்காரன் இருக்கான், கூட நாயும் இருக்கு. அந்த மாதிரி.”

“நீயே கேக்குற. நீயே உருட்டுற. நீயே நம்பிக்கிற.”

“ஆமா.”

“ஏமாத்தினா?”

“யாரை?”

“அதான் கேக்குறேன்.”

“நான் ஏமாத்த மாட்டேன் யுதெல்கா. பகடை சொன்னா சொன்னதுதான்.”

“நல்ல ஆட்டமாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை இல்லை. கண்ணீர் இல்லை. ஒரு கரண்டிகூட ஓங்கிக் கீழே வைக்கப்படவில்லை. எலிகியோ அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஜெயித்தவன் எங்கே சந்தேகப்படுகிறான்?

அன்று மாலையே பழகத் தொடங்கினான். பழைய தாயக்கட்டைப் பெட்டியிலிருந்து, முனையை நாய் கடித்த பகடை ஒன்று கிடைத்தது. ஏழு புள்ளியைப் பிரிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. சரியாகப் பிரித்தோமா என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. அதுதான் சுதந்திரம் என்று தெரிந்திருந்தும் மூன்று முறை கூட்டிப் பார்த்தான். முதல் தடவை வீரன் கோட்டைக்குப் போகும் வழியிலேயே ஓநாயிடம் செத்தான். இரண்டாவது தடவை ஓநாய் இல்லாத வழியாகப் போய்ச் சேற்றில் செத்தான். மூன்றாவது தடவை ‘இங்கே படிக்கட்டு இருக்கிறதா?’ என்று தேவையில்லாமல் கேட்டான். இருக்கிறது என்றது பகடை. அதிலிருந்து விழுந்து செத்தான்.

எலிகியோ அசரவில்லை. தாள்களை முதலிலிருந்து மறுபடி படித்தான். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, பதிலுக்கு இரண்டே வரி, பிறகு அடுத்த கேள்வி என்று நோட்டின் மேலே எழுதி அடிக்கோடிட்டான். நாலாவது வீரன் உயிரோடு கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தான்.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு வென்தூராவின் தலை தெரிந்தது. வென்தூரா ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவன்; எலிகியோவைக் ‘கொம்பாத்ரே’, அதாவது தோழரே, என்றுதான் கூப்பிடுவான்.

“கொம்பாத்ரே, ரொம்ப நேரமா பேச்சுக் குரல் கேக்குதே. யார்கூடப் பேசுறீங்க?”

“யார்கூடவும் இல்ல.”

“அவரு என்ன சொல்றாரு?”

எலிகியோ ஜன்னலைச் சாத்தினான்.

சனிக்கிழமை நாலு மணி. அந்த வாரம் மேசை அவர்கள் வீட்டு வராந்தாவிலேயே விரிந்தது. எதிர்வீட்டு அண்ணன் தம்பி இருவரும் வந்து ஒரு ஜோடியாக உட்கார்ந்துவிட்டார்கள். யுதெல்கா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“நீ ஆடு, என் கண்ணு. உனக்குத் தொந்தரவு இருக்காது. காபியை வெளிய மேசையிலேயே வெச்சிருக்கேன், வேணும்னா குரல் குடு.”

என் கண்ணாமே! போன புயலுக்குக் கூரைத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கடைசியாகக் கேட்ட சொல் அது.

“என் இடத்துல யாரு?” என்று எலிகியோ, அக்கறை இல்லாதவன் போலக் கேட்டான்.

“வென்தூரா.”

“வென்தூராவா! அவனுக்குக் கட்டையைத் தலைகீழாப் பிடிச்சாலும் தெரியாதே!”

“கத்துக்குவான். பொறுமையா சொல்லிக் குடுத்தா யாருதான் கத்துக்க மாட்டாங்க?”

கதவை அவளே மெதுவாகச் சாத்தினாள். ஜன்னலை மட்டும் யாரோ அகலத் திறந்து வைத்திருந்தார்கள்.

எலிகியோ பென்சிலைச் சீவினான். கோட்டை வாசல். ‘காவல்காரன் தூங்குகிறானா?’ பகடையில் நாலு. ஆமாம். வீரன் பூனை போல நடந்து...

“ஆஹா, வென்தூரா!” என்றது வராந்தா. “என்ன கட்டை போட்டீங்க! இதைத்தான் நான் பதினோரு வருஷமா எதிர்பார்த்தேன்!”

எலிகியோ பென்சிலை இறுக்கிப் பிடித்தான். உள்ளே முற்றம். ‘முற்றத்தில் யாராவது...’

“பரவாயில்ல வென்தூரா, தப்பாப் போட்டா என்ன? ஆட்டம்னா அப்படித்தான். ஒரு வாய் காபி குடிங்க.”

பரவாயில்லையா? தப்பாகப் போட்டால் பரவாயில்லையா? எலிகியோ எழுந்து நின்றான். உட்கார்ந்தான். தண்ணீர் குடித்தான். வீரன் முற்றத்தில் ஒற்றைக் காலைத் தூக்கியபடி காத்திருந்தான். ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் சத்தம் கேட்டது. நோட்டில் புதிதாக ஒரு கேள்வி எழுதினான். அது உப்புக் கோட்டை சம்பந்தப்பட்டதல்ல.

‘வென்தூரா என்னைவிட நன்றாக ஆடுகிறானா?’

உருட்டினான். ஆறு.

ஆமாம், அதற்கும் மேல்.

எலிகியோ பகடையைப் பார்த்தான். பிறகு அக்கம்பக்கம் பார்த்தான். வாழ்க்கையில் முதல் முறையாக, விழுந்த பகடையை எடுத்து மறுபடியும் உருட்டினான். மறுபடியும் ஆறு. அதே நேரம் வராந்தாவில் கட்டையை அறைந்த வேகத்தில் ஜன்னல் அதிர்ந்தது.

“கபிகூவா!” என்று கத்தினாள் யுதெல்கா. கடைசிக் கட்டை வரிசையின் இரண்டு முனைக்கும் பொருந்தி ஜெயிப்பது அது. எலிகியோவுக்குப் பதினோரு வருஷத்தில் ஒரு முறைகூட வாய்க்காதது. “வென்தூரா, உங்க கைக்கு முத்தம் குடுக்கணும்!”

கதவு திறந்துகொண்டது. எலிகியோதான்.

“காபி... காபி ஆறிடுமேன்னு வந்தேன்,” என்றான். யுதெல்கா எதையோ கிறுக்கிக் காபித் தட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, பென்சிலைக் காதில் செருகினாள்.

வென்தூரா துள்ளி எழுந்தான். “வாங்க கொம்பாத்ரே, உக்காருங்க, உக்காருங்க. எனக்கு ஒரு ஃபிரிட்ஜ் காத்துக்கிட்டிருக்கு.” போகிற போக்கில் யுதெல்காவிடம் குனிந்து, “அஞ்சாவது ஆட்டத்துக்குள்ள வந்துடுவாருன்னீங்க. மூணாவதுலயே வந்துட்டாரு,” என்றான். குனிந்தானே தவிர, குரலைக் குறைக்கவில்லை.

எலிகியோவின் காதில் அது பாதிதான் ஏறியது. மீதிப் பாதியை ஆசை அடைத்துக்கொண்டிருந்தது. தன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஏழு கட்டையை நிமிர்த்தி வைத்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதல் கட்டையை ஓங்கி அறைந்தான்.

அண்ணன் தம்பியைப் பார்த்தான். தம்பி தரையைப் பார்த்தான்.

“அது என் அஞ்சு,” என்றாள் யுதெல்கா. இரண்டு தெரு தாண்டிக் கேட்டிருக்கும்.

எலிகியோ தலையைக் குனிந்தான். அப்போதுதான் காபித் தட்டுக்கு அடியில் கட்டம் போட்ட நோட்டு ஒன்றின் ஓரம் தெரிந்தது. தன்னுடையது உள்ளே இருக்க, இது யாருடையது? இழுத்தான். யுதெல்காவின் கையெழுத்து. அவன் சொல்லிக்கொடுத்த முறைப்படியே, மேலே அடிக்கோடுகூடப் போட்டு எழுதியிருந்தாள்.

பெயர்: எலிகியோ. வலிமை: இரண்டு. துணிவு: மூன்று. புத்தி: ஒன்று.

கீழே கேள்விகள்.

‘சண்டை போட்டால் முடிவை மாற்றுவானா?’ இல்லை.

‘போ என்று விட்டுவிட்டால்?’ ஆமாம்.

‘வென்தூராவைப் புகழ்ந்தால்?’ ஆமாம், அதற்கும் மேல்.

எலிகியோவின் முகம் சிவந்தது. கோபத்தை எங்கே தொடங்குவது என்று தேடினான். பதினெட்டு வருஷம் விடைத்தாள் திருத்திய கண் பக்கத்தில் மேலும் கீழும் ஓடி ஓரிடத்தில் நின்றது. பிடித்துவிட்டான்! இந்த வீட்டில் ஒரு தப்பையாவது அவன் பிடித்துவிட்டான்!

“கூட்டல் தப்பு யுதெல்கா!” என்று விரலால் தட்டிக் காட்டினான். “ஏழு வரணும். ரெண்டும் மூணும் ஒண்ணும் ஆறுதான் வருது. ஆட்டத்தோட விதியே தெரியாம ஆடியிருக்க!”

யுதெல்கா தன் கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“காலையில ஏழுதான் இருந்துச்சு. நீ கதவைத் திறந்ததும் புத்தியில ஒண்ணைக் குறைச்சுட்டேன்.”