நில்லுடாங்க

அன்னூர்,
திங்கட்கிழமை காலை.

பவானியில் வசிக்கும் ஓய்வுபெற்ற சிறப்பு சப்-இன்ஸ்பெக்டரும், என் மனைவியின் ஒரே அண்ணனுமாகிய மரியாதைக்குரிய தமிழ்ச்செல்வன் மச்சான் அவர்களுக்கு, மாரப்பன் பணிவோடு எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் தங்கை மாசாணியம்மாள் நலம், அவளுடைய மூட்டுவலியும் குறைவில்லாமல் நலமாக இருக்கிறது. அங்கே உங்கள் நலத்தையும், அக்காவின் நலத்தையும், பதினொரு மாதமாக என் மேல் நீங்கள் வளர்த்துவரும் கோபத்தின் நலத்தையும் அறிய ஆவல். என் போனை நீங்கள் எடுப்பதில்லை, வாட்ஸப்பிலும் பிளாக் செய்துவிட்டீர்கள். தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மகள் அன்புச்செல்வி நடிக்கும் 'கத்துக்குட்டிக் காக்கி' தொடர், ஷூட்டிங் தொடங்கி ஏழு மாசம் கழித்து டிவியில் வந்து, இப்போது நூறு நாளைத் தொடுகிறது. போலீஸ் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த ஆறு கத்துக்குட்டிகள் அடிக்கும் கூத்துதான் கதை, ஆறில் ஒன்று நம் பிள்ளை. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயமுத்தூரில் ஒரு மண்டபத்தில் விழா வைத்திருக்கிறார்கள், நடிக்கிறவர்கள் எல்லாம் வீட்டாரோடு மேடை ஏற வேண்டுமாம். மாமா வராமல் நான் மேடை ஏற மாட்டேன் என்று இவள் சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், உங்கள் வீட்டு ரத்தம். அதனால் நீங்கள் வர வேண்டும். வருவதற்குக் கோபம் தீர வேண்டும், கோபம் தீர நடந்ததை முழுசாகக் கேட்க வேண்டும். அன்றைக்குப் பாதியிலேயே எழுந்து போய்விட்டீர்கள்.

தப்பு என் மேல்தான். கொஞ்சம் உங்கள் மேலும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். அவள் போன் பண்ணின அன்று நான் பம்ப்செட் கம்பெனியில் வேலை முடிந்து காந்திபுரத்தில் இருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். பஸ்ஸில் பாட்டுச் சத்தம் வேறு. 'அப்பா, போலீஸ் ட்ரெய்னி ரோலுக்கு என்னை எடுத்துட்டாங்க' என்றாள். நீங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் காலையில் ரோல் கால், சாயங்காலம் ரோல் கால் என்று சொல்லிச் சொல்லி, ரோல் என்றால் போலீஸ்காரர்களைப் பேர் வாசித்துக் கூப்பிடுகிற பட்டியல் என்றே என் காதில் பதிந்துவிட்டது. நாடகத்திலும் ரோல் உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? பிள்ளை பேர் போலீஸ் பட்டியலில் ஏறிவிட்டது என்று பஸ்ஸிலேயே சத்தமாகச் சொல்லிவிட்டேன். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கை குலுக்கினார். நான் அன்னூரில் இறங்குவதற்குள் செய்தி எனக்கு முன்னால் இறங்கிவிட்டது.

மறுநாளே பஸ் ஸ்டாண்டு முக்கில் ஃபிளெக்ஸ். அதில் உங்கள் போட்டோ, என் போட்டோ, நடுவில் அன்பு. ஃபிளெக்ஸ் கடை ஆஸிம் யாருடைய காக்கிச் சட்டைக்கு மேலேயோ இவள் தலையை ஒட்டி, தோளில் மூன்று நட்சத்திரம் வைத்து, பயிற்சிக்குப் போகும் முன்பே இன்ஸ்பெக்டர் ஆக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விருந்து வைத்தோம். ஹாஸ்டலில் இருந்து வந்தவள் உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது ஒரு சொந்தக்காரர் அந்த வாயில் லட்டை வைத்தார்கள். நீங்கள் உங்கள் பழைய பெல்ட்டுக்குப் பாலீஷ் போட்டுக் கொண்டுவந்தீர்கள். எங்க குடும்பத்துல ரெண்டாவது காக்கி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தீர்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ஷூட்டிங் வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண், மேடம் மேக்கப்புக்கு நேரமாச்சு, பொய் ரத்தம் வேற பூசணும் என்றாள். நீங்கள் பெல்ட்டை நாற்காலியில் போட்டுவிட்டு, ஒரு வாய் சாப்பிடாமல் பவானி பஸ் ஏறினீர்கள்.

முப்பத்திரண்டு வருஷம் போட்ட காக்கியை வைத்துக் கேலி பண்ணுகிறார்களே என்று உங்களுக்கு வருத்தம். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் தினமும் ஏழரை மணிக்கு நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தொடரைப் பார்ப்பதாகவும், அக்கம்பக்கத்தில் தெரியக்கூடாது என்று சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிடுவதாகவும் அக்கா சொன்னார்கள். அக்காவைத் திட்டாதீங்க. அங்கேதானுங்க மச்சான் தப்பு நடந்துபோச்சு. சத்தமில்லாமல் பார்த்தால் பிள்ளை ஓடுவதும் விழுவதும்தான் தெரியும், பேசுவது தெரியாது. அவ பேசறது உங்க பேச்சுங்க.

அன்றைக்கு அந்த வேனிலேயே ஏறி முதல் நாள் ஷூட்டிங்குக்கு நான் துணைக்குப் போயிருந்தேன். மூடிக் கிடந்த ஒரு மில்லைப் பயிற்சிப் பள்ளியாக மாற்றி இருந்தார்கள். சங்கிலித் திருடனைத் துரத்திப் போய் 'டேய், நில்லுடா' என்று அன்பு கத்த வேண்டும். ரெண்டே வார்த்தை. இவள் ஓடிப்போய், 'ஏனுங்க, நில்லுங்க' என்றாள். டைரக்டர் ஆரிஃப் சென்னைக்காரர், நல்ல மனுஷர். திருடனுக்கு எதற்கம்மா மரியாதை என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மறுபடி ஓடினாள். 'டேய்' சரியாக வந்தது. 'நில்லுடா' வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் அதன் வாலில் ஒரு 'ங்க' தானாகவே ஒட்டிக்கொண்டு, 'டேய், நில்லுடாங்க' என்றாள். கேமராக்காரர் குலுங்கிச் சிரித்ததில் படமே ஆடிவிட்டது. அதற்கப்புறம் பதினொரு தடவை ஓடினாள், பதினொரு தடவையும் நில்லுடாங்க. திருடர் மூச்சு வாங்கித் தண்ணீர் கேட்டார். ஆரிஃப் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு வேற பொண்ணைப் பார்த்துக்கலாம் சார் என்று ஒருத்தர் அவரிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

அப்போது இவள் ஆரிஃப் முன்னால் போய் நின்று சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். 'சார், எங்க மாமா பவானியில எஸ்.எஸ்.ஐ.யா இருந்தாருங்க. எனக்கு எட்டு வயசிருக்கும், ஆடிப்பெருக்குக் கூட்டத்துல ஒருத்தன் சங்கிலிய அத்துப்போட்டு ஓடறானுங்க. மாமா தொரத்திப் புடிச்சுப்போட்டு, வாங்க தம்பி, ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே போயிரலாம், சாப்டீங்களான்னு கேட்டாருங்க. அவன் அழுதுட்டே கூடப் போனானுங்க. எனக்குத் தெரிஞ்ச போலீசு அதுதானுங்க சார். அந்தப் போலீசு டேய்னு பேசாதுங்க.'

ஆரிஃப் எழுந்து வசனத்தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, உங்க மாமா மாதிரியே பேசும்மா என்றார். அன்றைக்கு எடுத்ததைத்தான் இன்றைக்கு ஊரே சொல்லிக்கொண்டு திரிகிறது: 'ஏனுங்க, சித்த நில்லுங்க, ஓடாதீங்க, விழுந்துபோடுவீங்க.' அந்தத் திருடன் நின்றுவிடுவான். பிறந்ததில் இருந்து அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஜனங்கள் சிரிக்கிறார்கள்தான், ஆனால் போலீசைப் பார்த்து இல்லீங்க, சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள்.

பெருமையை நானே பேசக்கூடாது. ஆனால் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. ரேஷன் கடை வரிசையில் என்னைக் கண்டால் சித்த நில்லுங்க என்கிறார்கள், நானும் நிற்கிறேன். அதை விடுங்கள். தோட்டத்துக் குமாரசாமியை உங்களுக்குத் தெரியும், அவர் தோட்டத்தில்தான் எங்கப்பன் காலமெல்லாம் வேலை செய்தார். அவர் வாய் பஸ்ஸுக்கும் ங்க போடும், ஆட்டுக்குட்டிக்கும் ங்க போடும். எங்கப்பனுக்குப் போட்டதில்லை. எனக்கும் இந்த ஐம்பத்தாறு வயசு வரைக்கும் போட்டதில்லை. போன மாசம் டீக்கடையில் என்னைப் பார்த்து, 'வாங்க மாரப்பன், உட்காருங்க, உங்க புள்ள நல்லாப் பேசுதுங்க' என்றார். ஒரே மூச்சில் நாலு ங்க. நான் உட்கார மறந்து நின்றுகொண்டே இருந்தேன். ஊட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் அதை நாலு தடவை சொல்லிக் காட்டினேன். நம்ம புள்ள ஒரு திருடனுக்குக் குடுத்த மரியாதை சுத்திச் சுத்தி எனக்கு வந்து சேர்ந்துபோச்சுங்க மச்சான். அது உங்ககிட்ட இருந்து கெளம்புனதுதானுங்க.

ஆகவே ஞாயிறு காலை தவறாமல் வந்துவிடவும். மேடையில் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் உங்கள் பேரைச் சொல்லப்போகிறாள், அப்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். நாற்காலியில் போட்டுவிட்டுப் போன பெல்ட்டைத்தான் தினமும் கட்டிக்கொண்டு நடிக்கிறாள். இன்றைக்கு ஏழரைக்குச் சத்தம் வைத்துப் பாருங்கள், அவள் கட்டியிருக்கும் பெல்ட்டையும் பாருங்கள். அக்காவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. அம்மன் அருளால் உங்கள் பிரஷர் இறங்கி, அதோடு கோபமும் இறங்கி, பவானி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
நில்லுங்க என்றால் நிற்கும்,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்
மாரப்பன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் அன்பு வந்துவிட்டாள். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். விழாவுக்கு நீங்கள் வர வேண்டாம், அவளே போகவில்லை. நீங்கள் பெல்ட்டைப் போட்டுவிட்டுப் போனதில் இருந்தே எங்களுக்குத் தெரியாமல் கான்ஸ்டபிள் தேர்வுக்குப் படித்திருக்கிறாள். பகலில் பொய்ப் பயிற்சி, விடியற்காலையில் நிஜ ஓட்டம். எழுதி, ஓடி, தாண்டி, எல்லாவற்றிலும் தேறி, இன்றைக்குப் பணி ஆணையே கைக்கு வந்துவிட்டது. நான் மூன்று தடவை வாசித்துப் பார்த்துவிட்டேன், ரோல் என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு நிஜமான பயிற்சிப் பள்ளியில் இருக்க வேண்டும், கேட் வரைக்கும் மாமாதான் கூட வரணும் என்கிறாள். சனிக்கிழமையே கிளம்பி வந்துவிடுங்கள். இன்னொரு காரியமும் இருக்கிறது. சந்தோஷம் தாங்காமல் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், நீங்கள் நேரில் வந்து சொன்னால் ஒழிய ஒருத்தரும் நம்புகிற மாதிரி இல்லை. எதிர்வீட்டுச் செல்லாத்தாள் அக்கா மட்டும் முழுசாகக் கேட்டுவிட்டு, 'ரொம்பச் சந்தோசமுங்க. இது எந்தச் சேனல்லீங்க, எத்தனை மணிக்குங்க?' என்கிறார்கள்.