சிறுநீரகத்துக்கு அனுமதி உண்டு

ஏரியிலிருந்து வரும் பனிக்கு ஒழுங்கும் கிடையாது, மரியாதையும் கிடையாது. ஈரி ஏரி இன்னும் உறையாமல் கிடக்கும் நவம்பரில், மேற்கேயிருந்து குளிர்காற்று அதன்மேல் ஓடிவந்து ஈரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு, கரையேறியதும் ஒரே பட்டையாகக் கொட்டித் தீர்க்கும். பட்டைக்குள் அகப்பட்டவனால் வாசற்கதவைத் திறக்க முடியாது. பட்டைக்கு வெளியே இருப்பவன் வெயிலில் நாயைக் கூட்டிக்கொண்டு உலாத்துவான். இரண்டு பேரும் ஒரே தெருக்காரர்களாக இருப்பதும் உண்டு.

இந்த அராஜகத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரும் உயரிய நோக்கத்தோடு எங்கள் கெல்சி மாவட்ட நிர்வாகம் 'பனிப்புயல் கண்காணிப்பு மற்றும் பயண நெறிப்படுத்தல் மைய'த்தை நிறுவியது. அங்கே ஃபோன் எடுப்பது என் வேலை. மையத்தைக் கட்டியது பனியே விழாத வடக்குப் பக்கத்தில். பனிக்குள் உட்கார்ந்துகொண்டு பனியைக் கண்காணித்தால் பாரபட்சம் வந்துவிடுமாம். இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் இயக்குநர் கர்ட் ஹாஸ்லர்.

முன்பெல்லாம் புயல் வந்தால் ரேடியோவில் "வெளியே போகாதீங்கப்பா" என்பார்கள். அவ்வளவுதான், சனம் போகாது. இப்போது அது நாகரிகமில்லை. ஃபுளோரிடாவிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். பனியை ஜென்மத்தில் பார்க்காதவர், ஆகவே முன்முடிவுகள் இல்லாதவர். அவர் பயணத் தடைகளுக்கு வண்ணம் கொடுத்தார்: வெளிர் ஊதா, நடு ஊதா, கரும் ஊதா. எது எது என்று கேட்டால் ஹாஸ்லருக்கே திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை காலை பட்டை, மாவட்டத்தின் தெற்கே இருக்கும் ஆரின் என்ற ஊர்மேல் வந்து உட்கார்ந்தது. கார்கள் இருந்த இடத்தில் மேடுகள். ஹாஸ்லர் கரும் ஊதா அறிவித்தார், அதாவது அனுமதியில்லாமல் எவரும் வண்டியெடுக்கக் கூடாது. நெடுஞ்சாலையில் ஒரு தடத்தை மட்டும் வழித்து வைத்தோம், அனுமதி பெற்ற வாகனங்களுக்காக. அனுமதி யாருக்கும் கொடுக்கவில்லை என்பதால் சாலை துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது. அதன் நடுவில் டி.வி.க்காரர் ஒருவர் நின்றுகொண்டு, இங்கே யாரும் நிற்க முடியாது என்று மணிக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபோன் அடித்தது. வால்ட் கூபியாக். என்னோடு பௌலிங் ஆடுகிறவன். நாலு வருஷமாக வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு, மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்துக் கிடக்கிறவன்.

"டேய் நார்ப்! கிடைச்சிடுச்சுடா! கிட்னி கிடைச்சிடுச்சு! நகரத்து ஆஸ்பத்திரில இருந்து கூப்பிட்டாங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் அங்க இருக்கணுமாம். இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியே ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாஸ்லரிடம் ஓடினேன். அவர் ஸ்பீக்கரைப் போடச் சொன்னார்.

"வாழ்த்துகள் மிஸ்டர் கூபியாக். மாற்று உறுப்புகளுக்குக் கரும் ஊதாவிலும் தடையில்லை. உங்க கிட்னி தாராளமா பயணம் பண்ணலாம்."

"அது ஏற்கெனவே ஆஸ்பத்திரிலதாங்க இருக்கு. நான்தான் போகணும்."

"நீங்க உறுப்பு இல்லையே."

"சார், அது எனக்குள்ள வரவேண்டிய கிட்னி!"

"வந்ததுக்கப்புறம் கூப்பிடுங்க. அப்போ நீங்க உறுப்பை ஏத்திட்டுப் போற வாகனம். உடனே அனுமதி தரேன்."

"ஆம்புலன்ஸாவது அனுப்புங்க, புண்ணியமாப் போகும்!"

ஹாஸ்லர் பொறுமையாக விளக்கினார். "ஆம்புலன்ஸ் அவசரத்துக்கு. நீங்க நாலு வருஷமா காத்திருக்கீங்க. இதுல அவசரம் எங்கே இருக்கு?"

அந்தப் பக்கம் வால்ட் விட்ட வார்த்தைகளை மையத்தின் கண்ணியம் கருதி இங்கே தவிர்க்கிறேன். பிறகு அவன் மனைவி ஐரீன் ஃபோனை வாங்கி அழுதாள். நான் வைத்துவிட்டேன். வேறென்ன செய்ய? ஜன்னலுக்கு வெளியே பாழாய்ப்போன வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த அழைப்பு கால்பந்து அரங்கத்திலிருந்து. மறுநாள் ஞாயிறு, நம்ம டீமுக்கு ஆட்டம். அரங்கத்துக்குள் இருக்கைகள் எல்லாம் பனிக்கு அடியில். வழக்கம்போல ஊர்ச்சனம் வந்து அள்ளினால்தான் உண்டு. இது எங்கள் ஊரின் வழிபாடு. சொந்த வீட்டு வாசலை வழிக்காதவன்கூட அரங்கத்துக்கு ஓடிவந்து அள்ளுவான்.

ஹாஸ்லர் எழுந்து நின்றே பேசினார். "சார், கவலைப்படாதீங்க சார். இது அத்தியாவசியம் சார்."

ஐந்தே நிமிஷத்தில் அறிவிப்பு வந்தது. பனி அள்ளும் ஷவல் கையில் வைத்திருக்கும் எந்தக் குடிமகனும் கரும் ஊதாவிலிருந்து விலக்குப் பெறுகிறார். ஆரினிலிருந்து அரங்கத்துக்கு அரசு பஸ். முன்னால் பனி வழிக்கும் வண்டி, பின்னால் போலீஸ் சைரன்.

நான் கழிவறைக்குள் போய் என் கைபேசியில் வால்ட்டைக் கூப்பிட்டேன்.

"டேய், ஷவல் இருக்கா?"

"நானே சாகக் கிடக்கேன், உனக்கு ஷவல் கேக்குதா?"

"மூடிட்டு எடுத்துட்டு வா. தேவாலயத்துக்கு முன்னாடி பஸ் வருது. யார் கேட்டாலும் பனி அள்ளப் போறேன்னு சொல்லு."

பஸ்ஸில் தலை எண்ண என்னையே அனுப்பினார்கள். ஆரினில் நின்றோம். அடேங்கப்பா, என்ன கூட்டம்! வால்ட் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துப்போய், ஷவலை ஊன்றி ஏறினான். ஐரீன் துணிப்பையை மேலங்கிக்குள் மறைத்திருந்தாள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வயிற்றின் குறுக்கே ஷவலைப் பிடித்துக்கொண்டு, "டீம்னா எனக்கு உயிருங்க" என்று மூச்சு வாங்கினாள். கறுப்புக் கோட்டு போட்ட பிரேத அடக்கக்காரர் குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் ஷவலோடு வந்தார். அவருக்குப் பின்னால், நகரத்து ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி சீருடையை மேலங்கியால் மூடிக்கொண்டு ஏறினாள். வால்ட்டின் பக்கத்தில் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்ட ஒருவர் உட்கார்ந்தார். வால்ட் உற்றுப் பார்த்தான்.

"டாக்டர் ஃபோஸ்! எனக்கு ஆபரேஷன் பண்ண வேண்டிய ஆள் நீங்கதானே?"

"மெதுவாய்யா! நான் பனி அள்ளப் போறவன்."

"டாக்டருங்களுக்கு அனுமதி உண்டே?"

"ஊதா ஸ்டிக்கர் ஒட்டின வண்டிக்குத்தான் உண்டு. ஸ்டிக்கரை மையத்துக்கு நேர்ல வந்து வாங்கிக்கணுமாம். வர்றதுக்கு அனுமதி வேணும்னேன். ஸ்டிக்கர் இருக்கான்னு கேட்டாங்க."

அதைக் கேட்டது நான்தான். தலையைத் திருப்பிக்கொண்டேன்.

வழியில் ஒரு போலீஸ்காரர் ஏறினார். "எல்லாரும் பனி அள்ளத்தானே?" "ஆமா!" என்று பஸ்ஸே அதிர்ந்தது. கர்ப்பிணி மட்டும் "அம்மா" என்றாள். அவர் நெஞ்சில் கைவைத்து, "நீங்கதாங்க இந்த ஊரோட முதுகெலும்பு" என்று சொல்லி இறங்கினார்.

அரங்கம் பட்டையின் ஓரத்தில் இருக்கிறது. தெற்கு வாசலில் ஆளுயரப் பனி, வடக்கு வாசலில் பளீரென்று வெயில், டாக்ஸிகள். இறங்கிய கூட்டம் தெற்கு வாசல் வழியாக உள்ளே போனது. ஷவல்களை வரிசையாகப் பனியில் குத்தியது. வடக்கு வாசல் வழியாக வெளியேறியது. டாக்டரும் நர்ஸும் வால்ட்டைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஒரே டாக்ஸியில் போனார்கள். கர்ப்பிணி அடுத்ததில். ஹாஸ்லர் டி.வி.யில் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் போட்டார். "பாத்தியா அந்த வேகத்தை! இதுதான்டா ஊர்ப்பற்று!"

ஏறிய அத்தனை பேரும் பத்திரமாக வந்து சேர்ந்ததாக அறிக்கை கொடுத்தேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வால்ட் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நாலு வருஷம் கழித்து அவன் முகத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது. ஐரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. டாக்டர் ஃபோஸ் நாடி பார்த்துக்கொண்டிருந்தார், நர்ஸ் பக்கத்தில் நின்றாள். வால்ட் என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி கேட்டான்.

"ஆட்டம் என்னடா ஆச்சு? இவங்க யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க."

"இங்க நடக்கலைடா. பனி அள்ளவேயில்லை. வேற ஊருக்கு மாத்திட்டாங்க. அங்க போய்த் தோத்துட்டோம்."

வால்ட்டின் முகம் சிவந்தது. புதுச் சிறுநீரகம் நன்றாகவே வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"அள்ளலையா? பஸ் நிறைய ஆள் போச்சேடா! அரசாங்கச் செலவுல ஏறி உக்காந்துட்டு ஒருத்தன்கூடவா அள்ளலை? என்ன ஜென்மங்கடா இதுங்க! அந்த ஹாஸ்லர் இன்னும் கண்டிப்பா இருந்திருக்கணும்."

"அதேதான்," என்றார் டாக்டர், மணிக்கட்டை விடாமல். "கண்டவனையெல்லாம் ஏத்தினா இப்படித்தான் ஆகும்."

"சொந்த ஊர் டீமுக்கே துரோகம்," என்றாள் நர்ஸ். ஐரீன் தலையை ஆட்டினாள். எனக்கும் வயிற்றெரிச்சல்தான், நானும் ஆமாம் போட்டேன். அடுத்த வருஷம் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் நிஜமாகவே பனி அள்ளத்தான் வருகிறார்களா என்று ஒவ்வொருவராகச் சோதித்து ஏற்ற வேண்டும் என அந்த அறையில் ஒருமனதாக முடிவாயிற்று. சோதிக்கும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்திருக்கிறார்கள்.