யூரியாவுக்குத் தம் போட்ட கதை

சம்பவத்தன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், அம்மா, அக்கா, அரக்கோணத்திலிருந்து வந்திருந்த அக்கா வீட்டுக்காரர் பாவா. இல்லாதவர் என் அப்பா, நைனா. நெல்லுக்கு இரண்டாவது மூட்டை யூரியா வாங்க, ஆதார் அட்டையும் கையுமாக சொசைட்டி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவர் அங்கே நிற்க, நான் இங்கே முதல் மூட்டையிலிருந்து இரண்டு கிலோவை எடுத்து வறுத்துக்கொண்டிருந்தேன். (எங்கள் பரம்பரையில் முதல்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எம்.எஸ்சி. வரை படிக்கவைத்தது இதற்குத்தான் போலிருக்கிறது.)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வறுத்தது தப்பில்லை. தம் போட்டதுதான் தப்பு.

அப்போதுதான் சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சேர்ந்திருந்தேன். வெயிலை வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கிற வேலை. யூரியாவை மூடிய பாத்திரத்தில் பல மணி நேரம் சுட்டால் இளமஞ்சள் தூள் ஒன்று கிடைக்கும். அதைத் தகுந்த துணைப்பொருளோடு தண்ணீரில் கலந்து வெயிலில் வைத்தால், எரியக்கூடிய வாயு குமிழ்விட்டு வரும். அதை எரித்தால் புகையில்லை, கரியில்லை, மிஞ்சுவது தண்ணீர்தான். எங்கள் திருத்தணியில் வெயிலுக்கா பஞ்சம்?

பாவாவுக்கு இது எதுவும் ஏறவில்லை.

“மச்சான், தண்ணிய எரிக்கப் போறேன்னு வெளிய சொல்லிகினு திரியாத. பொண்ணு குடுக்க மாட்டாங்க” என்றார். ரயில்வே கான்ட்ராக்டில் எனக்கு ஒரு சூப்பர்வைசர் வேலை பேசிவைத்திருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

காலையில் கிளம்பும்போது நைனா தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்: “அந்தத் தூளயாவது கண்ணுல காட்டுடா. காட்டிட்டா மெட்ராஸ் போ. இல்லன்னா பாவா கூட கெளம்பு.”

ஆய்வகத்துத் தூளை ஒரு சிட்டிகைகூட வெளியே எடுக்கக் கூடாது. அதனால் என்ன? கொல்லையில் நெல் அவிக்கும் அடுப்பு இருந்தது, புதுச் சட்டி இருந்தது, மூட்டையில் யூரியா இருந்தது. ஆய்வகத்தில் மூடியைச் சும்மா மேலே வைப்போம். சுடும்போது கிளம்புகிற அம்மோனியாவைப் புகைபோக்கி இழுத்துக்கொள்ளும். எங்கள் கொல்லையில் புகைபோக்கி ஏது? ஆகவே, ஒரு துளி வாயுவும் வெளியேறக் கூடாதென்று, பிரியாணிக்குத் தம் போடுவதுபோல மூடியைச் சுற்றி கோதுமை மாவை அப்பினேன். (தங்கப் பதக்கம் வாங்கிய மூளை.)

மூன்று மணி நேரம் சட்டி அமைதியாக இருந்தது. பிறகு மூடி தென்னை மர உயரத்துக்குப் போனது.

அதன் பின்னாலேயே வந்தது வாடை. கிருத்திகை அன்று பஸ் ஸ்டாண்டு கழிப்பிடத்தைச் சுருட்டி மூக்குக்குள் திணித்ததுபோல இருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே தெருவுக்கு ஓடினாள். அக்கா பின்னாலேயே. எதிர்வீட்டு கஸ்தூரி அக்கா, “எவன்டா கக்கூஸ் டேங்க்கத் தொறந்தது?” என்று கத்தினாள். அவள் வீட்டுக்காரர், “அது இல்லடி, கேஸு லீக்கு. அடுப்ப ஆஃப் பண்ணு” என்றார்.

அவ்வளவுதான். அந்த வரிசையில் ஏழு வீட்டிலும் சிலிண்டரை மூடிவிட்டார்கள். பாதி வெந்த சோறு பாதியிலேயே நின்றது. உலகத்துக்குப் புது எரிபொருள் கொடுக்கக் கிளம்பியவன், இருந்த அடுப்பையெல்லாம் அணைத்துவிட்டு நடுத்தெருவில் நின்றேன்.

பாவா இருமி முடித்துச் சொன்னார்: “பேக்க எடுத்துக்க மச்சான். ஆறரை மணி ட்ரெய்னு.”

“சட்டி ஆறட்டும் பாவா.”

“இன்னும் இன்னாடா சட்டி?”

“ஆறட்டும்னு சொல்றேன் இல்ல.”

தெருமுனையில் நைனா வந்தார், தோளில் மூட்டையோடு. அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் மூக்கைப் பொத்தவில்லை. “யூரியா இல்ல இது?” என்றார். நேராகக் கொல்லைக்குப் போனார். நான் சட்டியைச் சாய்த்துக் காட்டினேன். அடியில் ஒட்டிக்கொண்டு, வெளிறிய மஞ்சளில், தூள்.

“எவ்ளோ போட்ட?”

“ரெண்டு கிலோ நைனா.”

“வந்தது?”

“நாலு ஸ்பூன் இருக்கும்.”

“மிச்சம்?”

“காத்துல போச்சு.”

பாவா சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. தூளை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். “நெலத்துல போட்டாலும் பாதி காத்துலதான் போவுது. அத யாரும் கேக்கறதில்ல” என்றார். பிறகு பாவா பக்கம் திரும்பி, “மாப்ள, அந்த வேலைய வேற யாருக்காச்சும் சொல்லிடுங்க.”

அந்தத் தூளைச் சென்னைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். வாயு வந்தது. கொஞ்சம்தான், ஆனால் வந்தது. இன்றும் நான் ஊருக்கு வந்து இறங்கினால், கஸ்தூரி அக்கா வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுக்கிறாள்: “சோத்த சீக்கிரம் எறக்குங்கடி, படிச்சவன் வந்துட்டான்.” சொல்லிக்கொள்ளட்டும். விடுமுறைக்கு விடுமுறை அதே கொல்லையில்தான் சுடுகிறேன், மாவு மட்டும் அப்புவதில்லை.

அன்று ஏழு வீட்டுக்கும் நைனா ஓட்டலிலிருந்து சாம்பார் சாதம் வாங்கிக் கொடுத்தார். இருபத்தெட்டுப் பொட்டலம், ஆயிரத்து நூற்று இருபது. சட்டி நூற்று இருபது. யூரியா பன்னிரண்டு. ஆக மொத்தம் ஆயிரத்து இருநூற்று ஐம்பத்திரண்டு ரூபாய்.