நாலாவது படத்தை அனுப்புவது பற்றி

மஹய்யாவ,
கண்டி.
2008 கார்த்திகை, ஞாயிறு.

அன்புள்ள மருமகன் விவேகானந்தன் அவர்களுக்கு,

கட்டுக்கலைப் பிள்ளையார் காவலில் நான் இங்கே சுகமாக இருக்கிறேன். கனடாக் குளிரில் நீங்களும் மகள் கமலாசனியும் பேத்தி ஆரணியும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு இதை எழுதுகிறேன். எனக்கு இங்கே தனிமை என்று கமலாசனி உங்களிடம் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கம் செசிலியா ரீச்சர் இருக்கிறா. ரேடியோ இருக்கிறது. சுற்றிவளைப்புச் சோதனை என்றால் பொலிசும் வந்து போகிறது. ஆளரவத்துக்குக் குறைவில்லை.

ரெலிபோனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம், ரெலிபோனில் சொன்னால் ஆரணி கேட்டுவிடுவாள். விசயம் இதுதான். "மேகக் கப்பல்" என்ற பொம்மைப் படத்தின் நாலாவது பாகம், நல்ல தெளிவான டிவிடித் தட்டு, ஒன்று உடனடியாக எனக்குத் தபாலில் வேண்டும். காலம் முழுக்க ஸ்டேசன் மாஸ்டராக இருந்து இளைப்பாறிய மனிசன் பொம்மைப் படத்துக்கு ஏன் அலைகிறான் என்று நீங்கள் நினைக்கக்கூடும். நினைப்பதில் பிழையில்லை. நான் அழைக்கும் நேரத்தில் நீங்கள் எப்போதும் வேலையில் நிற்பதால் உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆகவே முதலில் இருந்து சொல்கிறேன்.

உங்கள் மாமி லீலாதேவி கண்மூடிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உங்கள் வீட்டுக்கு அழைப்பது உங்களுக்குத் தெரியும். கமலாசனி கதைத்து முடித்ததும் "அம்மப்பாவோடு கதை" என்று ஆரணியைக் கூப்பிடுவாள். பிள்ளை வந்து, "ஹலோ அம்மப்பா, சாப்பிட்டீங்களா, பாய்" என்று பாடமாக்கிய தேவாரம்போலச் சொல்லிவிட்டு ஓடிவிடும். நான் "ஓம், சாப்பிட்டன் ராசாத்தி" என்று சொல்லும்போது மறுபக்கத்தில் ஆள் இருக்காது. குற்றம் சொல்லவில்லை. காணாத கிழவனோடு ஒரு குழந்தை எதைக் கதைக்கும்? ஆனால் ஒரு ஞாயிறு பின்னால் பெரிய இடி முழக்கம் கேட்டது. என்ன சத்தம் என்று கேட்டேன். நீர்நாய் கப்டன் டோபோ வானத்தில் கப்பல் ஓட்டுகிறாராம். நான் பேச்சை விடக்கூடாது என்று, எங்கள் மகாவலி கங்கையிலும் நீர்நாய் உண்டு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் கண்டிருக்கிறேன் என்று சொன்னேன். "தொப்பி போட்டிருந்ததா?" என்று கேட்டாள். நான் மடையன், இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் மனம் சோர்ந்தது எனக்கு இங்கே தெரிந்தது. பிறகு அவளாகவே ஒரு கட்டளை போட்டாள். அம்மப்பா மேகக் கப்பலைப் பார்க்க வேண்டும். படங்களையும் பார்க்க வேண்டும், தொலைக்காட்சித் தொடரையும் பார்க்க வேண்டும். ஆனால் ஒழுங்கு முக்கியம். படங்கள் தொடருக்கு நடுவில் நடுவில் வரும். முறை மாறினால் ஒன்றும் விளங்காது. அன்றைக்கு அவள் பாய் சொல்லவே மறந்துபோனாள் மருமகன்.

உடனே டவுனில் தட்டு விற்கும் ஹபீல் தம்பியிடம் போனேன். அக்குறணை ஊராள், நல்ல பிள்ளை. மேகக் கப்பல் என்றதும் ஒரு பெட்டி நிறையத் தட்டுகளை முன்னால் கொட்டினார். மேலே எழுதியிருந்தது சீன எழுத்தோ வேறென்னவோ, எது படம், எது தொடர், எது முதல், எது கடைசி என்று கேட்டேன். "மாஸ்டர், உள்ளுக்கு என்ன ஈக்கெண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். போட்டுப் பாருங்க, பிழையெண்டா மாத்தித் தாறன்" என்றார். முதலாம் படம் என்று நான் நம்பிப் போட்ட தட்டில் மடவளையில் நடந்த ஒரு கல்யாணம் ஓடியது. ஹபீல் கல்யாண வீடியோவும் பிடிக்கிறவர், தட்டு எங்கேயோ மாறிப்போயிருக்கிறது. மாப்பிள்ளைக்கும் நீர்நாய்க்கும் என்ன தொடர்பு வரப்போகிறதோ என்று நான் கடைசிவரை பொறுமையாக இருந்து பார்த்தேன். பிரியாணிப் பந்தி முடிந்து, சனங்கள் கைகழுவி, பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். நீர்நாய் வரவேயில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வீட்டுக்குள் அவ்வளவு சனம் பேசிச் சிரித்து நடமாடிக் கன காலமாகிவிட்டது. தட்டைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லாமல் இருந்தது.

பிறகு சரியான முதலாம் படம் கிடைத்தது. பார்த்தேன், நன்றாக இருந்தது. அந்த உற்சாகத்தில் அடுத்ததாக இரண்டாம் படத்தைப் போட்டேன். ஒன்றுக்குப் பிறகு இரண்டு வருவதுதானே உலக வழக்கம். அதிலே கப்பலின் மூத்த மாலுமி, பெர்லா என்ற ஆமை, ஆந்தைப் பிரபுவின் பாலத்தைத் தகர்த்துவிட்டு அதோடு சேர்ந்து மேகத்துக்குள் விழுந்து மறைந்துபோகிறது. கப்டன் டோபோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு கப்பல் விளிம்பில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் பெர்லாவின் கதிரை வெறுமையாகக் கிடக்கிறது. மருமகன், நான் சின்னப் பிள்ளையில்லை, எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடமையில் நின்றபோது சனம் தடிகளோடு வர, தண்டவாளம் மாற்றும் எங்கள் சிங்களப் பொயின்ற்ஸ்மன் என்னை விளக்கறைக்குள் தள்ளிப் பூட்டினான். அங்கே மண்ணெண்ணெய் மணத்துக்குள் ஒரு நாள் முழுக்க இருந்தபோதுகூட நான் கண் கலங்கியதில்லை. அந்தக் கதிரையைக் கண்டதும் அழுதுவிட்டேன். அந்த நேரம் பார்த்து செசிலியா ரீச்சர் மீன்குழம்பு கொண்டுவந்தா. பசியில்லை, இன்றைக்கு மீன் வேண்டாம் என்றேன். காரணத்தைக் கேட்டறிந்துகொண்டு, கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, "சோதி அண்ணை, ஆமை செத்ததுக்கு ஆரும் மீன் மச்சம் விடுவினமோ?" என்று கேட்டா. அன்றைக்கு மரக்கறியோடுதான் சாப்பிட்டேன். அடுத்த நாள் தொடரின் தட்டைப் போட்டால், பெர்லா வழக்கம்போல் கதிரையில் இருந்து உருளைக்கிழங்கு உரிக்கிறா!

விசயம் என்னவென்றால், இரண்டாம் படம் தொடரின் இரண்டாம் பருவத்துக்குப் பிறகுதான் வரவேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை ஆரணியிடம் இதைச் சொன்னேன், மீன் விட்டதையும் சேர்த்து. அவள் சிரித்தாள் பாருங்கள், மூச்சு விடாமல் சிரித்தாள். "அம்மப்பா, நீங்கள் செத்த வீடு செய்தீங்களா பெர்லாவுக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். என் பேத்தியின் சிரிப்பை நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. லீலாதேவியின் சிரிப்பேதான், தொடங்கினால் நிறுத்தத் தெரியாத அதே சிரிப்பு. ரெலிபோன் காட் முடிந்து லைன் தானாக அறுந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் முதலில் ரிசீவரை எடுக்கிறாள். எங்கே நிற்கிறீங்கள், எது வரை பார்த்தீங்கள், யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று ஒரே விசாரணை. கமலாசனிக்கு என்னோடு கதைக்க இடமே கிடைப்பதில்லை. சில கேள்விக்குச் சரியான மறுமொழி தெரிந்தும் வேண்டுமென்றே பிழையாகச் சொல்கிறேன். திருத்துவதில் அவளுக்கு அப்படியொரு சந்தோசம்.

ஆனாலும் எங்கள் தொழிலில் ஒழுங்கு பிழைத்தால் உயிர் போகும், ஆகவே இனிப் பிழை விடக்கூடாது என்று ரயில்வே முறையில் இறங்கினேன். தொடர் என்பது எல்லா ஸ்டேசனிலும் நின்று போகும் சிலோ ரெயின். படம் என்பது எக்ஸ்பிரஸ். பாதை ஒன்றுதான். சிலோ ரெயினை எந்த ஸ்டேசனில் ஒதுக்கிப் போட்டு எக்ஸ்பிரஸை விட வேண்டும் என்பதுதான் கேள்வி. கொன்றோல் அறையில் வைத்திருப்பது போலப் பெரிய தாளில் கோடு கீறி, சிலோவுக்கு நீலம், எக்ஸ்பிரஸுக்குச் சிவப்பு, முக்கியமான சம்பவங்களையும் அந்தந்த இடத்தில் பழைய பழக்கத்தில் ஆங்கிலத்தில் குறித்து, சுவரில் ஒட்டினேன். செசிலியா ரீச்சர் பார்த்துவிட்டு, பொழுதுபோகாத மனிசன் என்று சொல்லாமல் சொல்லிப் போனா.

யுத்த நேரமல்லவா, அந்த வாரமே சுற்றிவளைப்பு. வீடு வீடாக வந்தார்கள். என் வீட்டுக்குள் வந்த சார்ஜன்ட் அடையாள அட்டையைப் பார்த்தார், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்பதைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். ரயில் பாதைக் கோடுகள். சிவப்பு, நீலம். ஒரு இடத்தில் "கப்டன் தப்புகிறார்". இன்னொரு இடத்தில் "பாலம் தகர்ப்பு". அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்தில், "மிக அருமை". "மொகத மே?" என்று கேட்டார். இது என்ன என்று கேட்ட மனிதருக்கு, நீர்நாய் என்று மறுமொழி சொன்னேன். தாளோடு சேர்த்து என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள். வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர, விசயம் வேடிக்கையில்லை. அப்படி ஏற்றப்பட்ட எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் அடிக்காவிட்டால் பிள்ளை என்ன நினைக்கும் என்பதுதான் வழி முழுக்க எனக்கு ஓடியது.

பொலிசில் மர வாங்கில் இருத்தி வைத்து, மேசையில் தாளை விரித்து, சொல்லு என்றார்கள். ரயில்வே சேவையில் கற்ற சிங்களம் இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு கப்டன் டோபோ பிறந்த கதையில் இருந்து சொன்னேன். ஆந்தைப் பிரபுவைச் சொன்னேன். பெர்லா விழுந்த இடத்தை எழும்பி நின்று சொன்னேன், அது நடிப்பில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும். சார்ஜன்ட் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டுவிட்டு, தன் வீட்டுக்கு அழைத்து மகளிடம் விசாரித்தார். அந்தத் தொடர் இங்கே சிங்களத்தில் பின்னேரங்களில் போகிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். மகள் எல்லாம் சரி என்று சொல்லியிருக்க வேண்டும், அவர் முகம் இளகியது. பிறகு அந்தப் பிள்ளை என்னோடு கதைக்க வேண்டுமென்று கேட்டதாம், ரிசீவரைத் தந்தார். பிள்ளை மரியாதையாக, தாத்தா என்று சிங்களத்தில் அழைத்து, "சீயா, மூன்றாம் படத்தை எங்கே போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டது. சொன்னேன். பிழையாம். மூன்றாம் பருவம் முடிய அல்ல, அதன் நடுவில், ஆந்தையின் கண்ணாடி உடைவதற்கு முன்னர் வர வேண்டுமாம். சார்ஜன்ட் ரிசீவரைத் திரும்ப வாங்கி, பேனையை எடுத்து, மகள் சொல்லச் சொல்ல என் தாளில் திருத்தினார். "வீட்டுக்குப் போங்கள் மாத்தயா, இதைச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டாம்" என்று என்னை ஐயாவாக்கி அனுப்பிவைத்தார். இப்போது தாள் அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் இருக்கிறது. திருத்தம் சரியானது என்று ஆரணியும் ஒப்புக்கொண்டாள். ஜீப்பில் போனதை அவளிடம் சொல்லவில்லை. கமலாசனியிடமும் நீங்கள் சொல்ல வேண்டாம்.

இப்போது தொடர் முழுவதும் பார்த்தாயிற்று. மூன்று படங்களும் முடிந்தன. மிச்சம் நாலாவதுதான். கண்டியில் அது இன்னும் வரவில்லை என்று ஹபீல் கையை விரிக்கிறார். ஆரணி முடிவைச் சொல்லிவிடக்கூடாதே என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டு கதைக்கிறாளாம், கமலாசனி சொன்னாள். பிள்ளையைக் காக்க வைப்பது பாவம். எனக்கென்று இதில் ஒரு ஆசையும் இல்லை, தொடங்கிய ஓட்டத்தை முடித்து வைப்பது ஸ்டேசன் மாஸ்டரின் கடமை, அவ்வளவுதான். ஆகவே தயவுசெய்து தாமதிக்காமல் அனுப்பவும்.

உங்கள் மூவருக்கும் பிள்ளையார் எல்லாப் பாதையிலும் பச்சை விளக்குக் காட்டட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பனியில் கார் ஓடும்போது கவனம். செசிலியா ரீச்சரும் சுகம் கேட்கச் சொன்னா.

அன்பு மாமா,
சோதிலிங்கம்.

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகும்போது ஹபீல் தம்பி வாசலில் நிற்கிறார். கொழும்பில் இருந்து வந்ததாம், நாலாவது படம், எனக்கென்றே மழையில் கொண்டுவந்திருக்கிறார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டுத் தட்டைப் போட்டேன். பாட்டுத் தொடங்கியது, கப்பல் மேகத்துக்குள்ளால் வந்தது, நிறுத்திவிட்டேன். இதைப் பார்த்து முடித்தால் அடுத்த ஞாயிறு ஆரணி முடிவைப் பற்றிக் கதைப்பாள். அதற்கு அடுத்த ஞாயிறு, "ஹலோ அம்மப்பா, சாப்பிட்டீங்களா, பாய்." தட்டை அலுமாரியில் லீலாதேவியின் சேலைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஆகவே மேலே கேட்டதை ரத்துச் செய்யவும், படத்தை அனுப்ப வேண்டாம். தனிமை இல்லை என்று எழுதியதையும் வெட்டிவிடுங்கள், எனக்குச் சரியான தனிமை மருமகன். ஆரணி கேட்டால், எப்போதோ தபாலில் போட்டாயிற்று, அங்கே யுத்தம் நடக்கிறது, வர நாள் எடுக்கும் என்று சொல்லுங்கள். இந்த யுத்தத்தால் எங்கள் குடும்பத்துக்கு இதுவரை ஒரு உபகாரமும் இல்லை, இதற்காவது உதவட்டும்.