படிவம் ஒன்றும் என் பிரெஞ்சும்

தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. இந்த ஊர்த் தமிழ் தங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நம்பிவிடுவார்கள். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. கோலாலம்பூருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளில் உட்கார்ந்து, பக்கத்து மேசைக்காரர்களின் தமிழைத் திருத்திக்கொண்டிருந்தேன். (அவர்கள் என்னை அடிக்காதது அவர்களுடைய பெருந்தன்மை.)

அப்படி ஒரு மேசையில் அறிமுகமானவர்தான் மல்லிகா டீச்சர். கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். ஒருநாள் போன் செய்தார்.

"பசியாறிட்டீங்களா சார்? சனிக்கிழமை கிள்ளானுக்கு வர முடியுமா? படிவம் ஒன்னு பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் ஹெல்ப் பண்ணணும்."

பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

"ஒன்னு என்ன டீச்சர், எத்தனை படிவம் இருந்தாலும் கொண்டு வாங்க."

டீச்சர் சிரித்தார். "ஒன்னு போதும் சார். நாலு, அஞ்செல்லாம் வேற டீச்சருங்க பாத்துக்குவாங்க."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை நீலப் பேனா, கறுப்புப் பேனா, ஸ்டேப்ளர், பசை, கைநாட்டு வைக்க ஒரு மைப்பெட்டி (எதற்கும் இருக்கட்டுமே) எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். கோயில் மண்டபத்தின் வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். 'படிவம் ஒன்று மாணவர்களுக்கான வழிகாட்டிக் கருத்தரங்கு.' கீழே 'சிறப்புப் பேச்சாளர்' என்று என் புகைப்படம், பல்லெல்லாம் தெரியும்படி. இந்த ஊரில் படிவம் என்றால் வகுப்பு. தமிழ்ப்பள்ளியை முடித்த பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் முதலில் போய் உட்காரும் வகுப்புதான் படிவம் ஒன்று. இதை நான் கற்றுக்கொண்டது அந்த பேனரைப் பார்த்துத்தான்.

ஓடிவிடலாமா என்று யோசிப்பதற்குள் டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"சார், ஒரே விஷயம்தான். பதினைஞ்சு பிள்ளைங்களாவது சேந்தாத்தான் எங்க ஸ்கூல்ல தமிழ் கிளாஸ் தொறப்பாங்க. இன்னும் மூனு பேர் பத்தல. அம்மா அப்பாங்க யோசிக்கிறாங்க. சென்னைக்காரரு நீங்க எடுத்துச் சொன்னா பேரு கொடுத்துடுவாங்க."

மேடை ஏறினேன். தெரிந்ததைத்தானே பேச முடியும்? ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் இன்ஜினியரிங், காமர்ஸ் எடுத்தால் ஆடிட்டர் என்று பதினொன்றாம் வகுப்புச் சங்கதிகளை அவிழ்த்துவிட்டேன். பிள்ளைகள் மரியாதையாக விழித்தார்கள். ஒரு பையன் கை தூக்கினான்.

"அங்கிள், சீருடை இயக்கம் எதுல சேரலாம்?"

"என்.சி.சி.ல சேரு தம்பி."

"அது இங்க இல்ல அங்கிள்."

"அப்ப நீயே ஆரம்பிச்சுடு" என்றேன். (வாய் ஒருமுறை சறுக்கிவிட்டால் எனக்கு பிரேக் பிடிக்காது.)

பிறகு ஓர் அம்மா எழுந்தார். பெயர் ஜெயந்தி. காப்பாரிலிருந்து மகனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"சார், தமிழ் எடுத்தா மார்க்கு கொறையும்னு சொல்றாங்க. நீங்க ஸ்கூல்ல தமிழ் எடுத்தவருதானே, உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

ஒரு சின்னப் பொய் போதும், எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் பதற்றத்தில் எனக்கு உண்மைதான் வரும்.

"நான் பிளஸ் டூவுல பிரெஞ்சுங்க."

"பிரெஞ்சு பேசுவீங்களா?"

"பேச வராது. மார்க்குக்காக எடுத்தது."

முன்வரிசையில் மல்லிகா டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஜெயந்தி உட்காரவில்லை.

"என்ன லா சார் இது. கேக்காமலே தமிழ் கெடைக்கிற ஊருல இருந்துகிட்டு, பேசவும் வராத பிரெஞ்சப் படிச்சீங்களா? நாங்க இங்க வீடு வீடாப் போயி ஆள் சேத்து ஒரு கிளாஸ் தொறக்கப் பாக்குறோம்." பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சர், என் மவன் பேரப் போடுங்க. நாளைக்கு இவரு மாதிரி ஆயிடக் கூடாது."

நான் பேசிய அத்தனையும் செய்யாததை அந்தக் கடைசி வாக்கியம் செய்துவிட்டது. யோசித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போய்ப் பெயர் கொடுத்தார்கள். பண்டமாரானிலிருந்து வந்திருந்த லோரி ஓட்டுநர் ஒருவர் மகளின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து என் தோளைத் தட்டினார். "பரவால்ல பாஸ், உங்களாலயும் ஒரு நல்லது."

காதெல்லாம் சுட்டது. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், பெயர் பதியும் மேசையைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என்னைப் பற்றி அல்ல, அவர்களைப் பற்றி. கொஞ்சம் என்னைப் பற்றியும்தான். அந்த ஆண்டு தமிழ் வகுப்பு திறந்தார்கள். இன்றும் நடக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் மல்லிகா டீச்சர் தவறாமல் கூப்பிடுகிறார். "சார், இந்த வருசமும் வந்துடுங்க. வேற எதுவும் பேச வேணாம். அந்த பிரெஞ்சு கதைய மட்டும் சொல்லிட்டு உக்காந்துடுங்க." நானும் போகிறேன். வீட்டில் என் மனைவி என்னை 'முசியே' (பிரெஞ்சில் 'ஐயா') என்றுதான் கூப்பிடுகிறாள், அதுவும் விருந்தாளிகள் முன்னால்.

ஜெயந்தியின் மகன் ஐந்தாம் படிவம் முடித்து, தமிழில் ஏ வாங்கினான். காப்பாரில் அவர்கள் வீட்டில் விருந்து. வந்திருந்த சொந்தக்காரர்களிடம் என்னை வரிசையாக அறிமுகப்படுத்தினார் ஜெயந்தி.

"இவராலதான் எங்க பிள்ளைங்களுக்குத் தமிழ் கிளாஸ் கெடைச்சிச்சு" என்று சொல்லி, என் இலையில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தார். "பாவம், இவருக்குத்தான் கெடைக்கல."